இரத்தம் சொல்லும் சேதி: காய்ச்சலின் அடையாளங்களைத் தேடிய வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், நம் மத்ரஸாவின் விடுதியில் தங்கி ஓதிவந்த மாணவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. வயது பன்னிரண்டு. லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது உடல் சுட்டது. அஸருக்கு முன்பாகவே அருகிலிருந்த பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மாலையில் அறிக்கை கைக்கு வந்தது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை வழக்கமான அளவில் இருந்தது. சி.ஆர்.பி. என்று எழுதியிருந்த இடத்திலும் எண் குறைவாகவே இருந்தது. அவருடைய தகப்பனாரைத் தொலைபேசியில் அழைத்து, "இரத்தத்தில் ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்று நாமே சொன்னோம்.

இஷாவுக்குப் பின் சென்று பார்த்தபோது அவருடைய மூச்சு வேகமாக இருந்தது. கைகால்கள் சில்லிட்டிருந்தன. பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியிலிருந்த இளம் மருத்துவர், நாம் நீட்டிய அறிக்கையை வாங்கி மேசைமேல் வைத்தாரேயன்றிப் படிக்கவில்லை. முதலில் மூச்சை எண்ணினார். விரல் நுனியை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். இரத்தம் எடுக்கச் செய்தார். ஆண்டிபயாடிக் மருந்தைத் தாமதமின்றி நரம்பில் ஏற்றச் சொன்னார். அதன் பிறகுதான் அறிக்கையைக் கையில் எடுத்தார். "காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது? இந்த இரத்தத்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம்கூட இல்லை. "ஐயா, சி.ஆர்.பி. ஏறத் தொடங்குவதற்கே ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும்" என்றார்.

மறுநாள் காலை அதே எண் பல மடங்கு ஏறியிருந்தது. நுரையீரலில் நிமோனியா. பத்து நாட்களில் அம்மாணவர் விடுதிக்குத் திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "ஒன்றுமில்லை" என்று நாம் சொன்ன அந்தச் சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. பரிசோதனைக் கூடம் தவறு செய்யவில்லை. எண் சரியான எண்தான். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் நாம்தாம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் கண்டுபிடித்தார்கள், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அன்று முதல் தேடிப் படித்தோம். படித்தவற்றை நம் குடும்பங்களுக்கும் சொல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழுகல் என்னும் சொல்

நோய்த்தொற்று உடல் முழுவதையும் தாக்கி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலையை இன்றைய மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். கிரேக்க மொழியில் அதன் பொருள் அழுகுதல் என்பதாகும். அரபியில் மருத்துவம் எழுதிய அறிஞர்களும் இதே கருத்தைத் தம் மொழியில் 'உஃபூனத்' என்று வழங்கினார்கள். இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பகுதியில் காய்ச்சல்களை வகைப்படுத்தும்போது, ஒருநாள் காய்ச்சல், உடலை மெல்ல உருக்கும் காய்ச்சல் ஆகியவற்றோடு 'ஹும்மல் உஃபூனா' எனும் அழுகல் காய்ச்சலையும் தனி வகையாக வைத்தார்.

அவருக்கு முன் வாழ்ந்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி (மறைவு கி.பி. 925). தஃப்ஸீர் எழுதிய ஃபக்ருத்தீன் ராஸி வேறு, இவர் வேறு. இருவரும் ரய் நகரத்தோடு தொடர்புடையவர்கள் என்பதால் பெயர் ஒன்றாயிற்று. மருத்துவரான ராஸி, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர். பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மெதுவாக அழுகியதோ அந்த இடத்தைத் தேர்ந்தார் என்று ஒரு செய்தி அவரைப் பற்றி வழங்கிவருகிறது. அது கதையாகவே இருந்தாலும், அழுகலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அக்காலத்தார் எண்ணியதை அது காட்டுகிறது.

ராஸியின் மற்றொரு குறிப்புதான் நமக்கு மிகவும் பயன்படுவது. அவருடைய குறிப்புகளின் பெருந்தொகுப்பான 'அல்ஹாவீ'யில், மூளைக்காய்ச்சலின் தொடக்க அடையாளங்கள் தோன்றிய நோயாளிகளைப் பற்றி அவர் எழுதுகிறார். ஒரு சாராருக்கு நரம்பைத் திறந்து இரத்தம் வடிக்கச் செய்தார். மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டார். இரு சாராரையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர விரும்பினார். இரத்தம் வடித்தால் அந்நோய் தீரும் என்று அவர் அடைந்த முடிவு இன்று நிலைக்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு சிகிச்சையை நம்பவேண்டும் என்ற வழி நிலைத்துவிட்டது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அந்த வழிக்கே நாம் திரும்ப வருவோம்.

கிண்ணத்தில் படிந்த வெண்படலம்

அக்காலத்து மருத்துவர்களுக்குக் காய்ச்சலின் அடையாளங்கள் நாடியும், சிறுநீரின் நிறமும், தோலின் சூடுமே. இரத்தத்தை அவர்கள் பார்த்தது, அதை வடித்துக் கிண்ணத்தில் பிடித்தபோதுதான். அந்தக் கிண்ணத்திலேயே ஓர் அடையாளம் காத்திருந்தது. உடலில் அழற்சி உள்ளவரின் இரத்தம் உறையும்போது, செந்நிறப் பகுதி விரைவாக அடியில் இறங்கி, மேலே வெளிர்நிறப் படலம் ஒன்று தடிப்பாகப் படியும். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மருத்துவர்களான வில்லியம் ஹியூசன், ஜான் ஹண்டர் போன்றோர் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். இரத்தம் வடிக்கும் சிகிச்சை பெரும்பாலான நோய்களுக்குப் பயன்படவில்லை. பலருக்குத் தீங்கே செய்தது. எனினும் அந்தத் தவறான சிகிச்சையின் கிண்ணத்திலிருந்துதான் முதல் இரத்த அடையாளம் கிடைத்தது.

அதன் காரணம் பின்னர்தான் விளங்கிற்று. அழற்சியின்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் எனும் புரதம் மிகுகிறது. அதனால் செவ்வணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எடை கூடி, வேகமாக அடியில் படிகின்றன. போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி 1897இல் இந்த வேகத்தை அளந்து காட்டினார். ஸ்வீடன் நாட்டவரான ராபின் ஃபோரியஸ் 1918இல் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இதே வேகத்தைக் கண்டார். அதே நாட்டின் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921இல் காசநோயாளிகளிடம் இதை அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்று நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்கள் 'ஈ.எஸ்.ஆர்.' என்று எழுதித் தருவது இந்த அளவுதான். குழாயில் இரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் செவ்வணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்க்கிறார்கள். இது மெதுவாக ஏறும். நோய் தீர்ந்த பின்னும் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். நாட்பட்ட நோயைத் தொடர்ந்து கவனிக்க உதவும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் முடிவெடுக்க அவ்வளவாக உதவாது.

நிறமேற்றிய அணுக்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுண்ணோக்கியின் வழியே இரத்த அணுக்களை எண்ணும் முறைகள் உருவாயின. அணுக்களின் இனம் பிரித்துக் காண வழிசெய்தவர் ஜெர்மானியரான பால் எர்லிக். துணிகளுக்குச் சாயமேற்றும் அனிலின் சாயங்களைக் கொண்டு 1879இல் அவர் வெள்ளணுக்களுக்கு நிறமேற்றினார். ஒரே மாதிரித் தோன்றிய வெள்ளணுக்கள், சாயத்தை ஏற்கும் விதத்தைக் கொண்டு நியூட்ரோஃபில், இயோசினோஃபில், பேசோஃபில் எனப் பல இனங்களாகப் பிரிந்து நின்றன. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ரஷ்ய அறிஞர் இலியா மெக்னிகாஃப், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் முள்ளைக் குத்திவைத்தார். நடமாடும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். உடலுக்குள் நுழைந்த அந்நியப் பொருளை விழுங்க அணுக்கள் திரண்டு வருகின்றன என்பது அதனால் புலப்பட்டது. இவ்விருவருக்கும் 1908இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆகவே வெள்ளணுக்களின் எண்ணிக்கை கூடியிருந்தால், உடல் தன் படையைத் திரட்டுகிறது என்று மருத்துவர்கள் கருதினார்கள். முதிராத இளம் அணுக்கள் மிகுந்து காணப்பட்டால், தேவை மிகுந்து எலும்பு மச்சை அவசரமாக அனுப்புகிறது என்றும் உணர்ந்தார்கள். இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அச்சம், கடும் உழைப்பு, கர்ப்பம், ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றாலும் இவ்வெண்ணிக்கை கூடும். டைஃபாய்டில் கூடாமலோ குறைந்தோ இருக்கலாம். டெங்குவில் பெரும்பாலும் குறையும். முதியவர் ஒருவர் கடும் தொற்றில் கிடக்கும்போதும் எண் வழக்கமாகவே இருக்கக்கூடும்.

நியூயார்க்கில் ஓர் ஆய்வுக்கூடம்

நாம் முதலில் சொன்ன சி.ஆர்.பி.யின் பிறப்பு 1930இல் நிகழ்ந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்த நீரை ஆராய்ந்துவந்தார்கள். அது ஆண்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்திற்கு வராத காலம். நிமோனியா என்றால் குடும்பங்கள் நடுங்கின. அந்நோயை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்கு அவர்கள் 'சி' என்று பெயரிட்டிருந்தார்கள். கடும் நோயிலிருப்பவரின் இரத்த நீரோடு அப்பொருளைக் கலந்தால் வண்டல் படிந்தது. நோயாளி தேறத் தொடங்கியதும் வண்டல் படிவது நின்றது. கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் என்றால், தேறிய பின் மிகவேண்டும். இதுவோ தேறியதும் மறைந்தது. 'சி'யோடு வினைபுரியும் இப்புரதமே சி.ஆர்.பி. ஆயிற்று. பிற்காலத்தில் இது வேறு நோய்களிலும், தொற்றே இல்லாத அழற்சியிலும் தோன்றுவது தெரியவந்தது.

1941இல் ஏவரியின் கூட்டத்தார், அவர்களுள் காலின் மக்லவுட் என்பவர், இப்பொருள் ஒரு புரதமே என்பதை ஆராய்ந்து எழுதினார்கள். 1947இல் மக்லின் மக்கார்ட்டி இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பரம்பரைக் குணங்களைச் சுமப்பது டி.என்.ஏ. என்பதற்கு 1944இல் முதன்மையான சான்றை வெளியிட்டவர்களும் ஏவரி, மக்லவுட், மக்கார்ட்டி என்ற இதே மூவர்தாம். நிமோனியாவை வெல்லப் புறப்பட்ட ஓர் ஆய்வுக்கூடம் இரண்டு பெரும் வாசல்களைத் திறந்துவிட்டது.

சி.ஆர்.பி.யைச் செய்வது கல்லீரல். அழற்சியின் செய்தி கிடைத்த பின்னரே அது வேலையைத் தொடங்குகிறது. இரத்தத்தில் எண் ஏறத் தொடங்க ஏறக்குறைய 6 மணி நேரம், உச்சத்தைத் தொட ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். காரணம் நீங்கியபின் ஏறக்குறைய 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நம் மாணவரின் முதல் அறிக்கை ஏன் நம்மை ஏமாற்றியது என்பதற்கு விடை இதிலேயே உள்ளது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, தீக்காயம், மாரடைப்பு, மூட்டுவாதம் ஆகியவற்றிலும் இது ஏறும். இன்னொரு சிறு செய்தியும் உண்டு. சில கூடங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் எழுதுகின்றன. ஒரே இரத்தம் முன்னதில் 50 என்றும் பின்னதில் 5 என்றும் காட்டும். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும் குடும்பத்தார் அலகைப் பார்க்காமல் மகிழவும் கூடாது, கலங்கவும் கூடாது.

பாரிஸின் குழந்தைகள்

சி.ஆர்.பி.க்குப் பாக்டீரியாவையும் வைரஸையும் தெளிவாகப் பிரித்துக் காட்டத் தெரியாது. அந்தக் குறையை நிரப்பும் நம்பிக்கையோடு வந்தது புரோகால்சிடோனின். தைராய்டு சுரப்பி கால்சிடோனின் எனும் ஹார்மோனைச் செய்யும்போது இடைநிலையில் தோன்றும் பொருள் இது. நலமாயிருப்பவரின் இரத்தத்தில் அளக்கவும் அரிதான அளவே இருக்கும். 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், தொற்று இருக்கலாம் என்ற ஐயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 79 குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கடும் பாக்டீரியாத் தொற்று இருந்த குழந்தைகளிடம் இப்பொருள் மிக உயர்ந்திருந்தது. வைரஸ் தொற்றில் சிறிதளவே ஏறியிருந்தது. ஆண்டிபயாடிக் கொடுத்ததும் இறங்கியது. வியப்பு என்னவென்றால், தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவரிடமும் கடும் தொற்றின்போது இது உயர்ந்திருந்தது. பாக்டீரியாத் தொற்றின்போது தைராய்டு மட்டுமன்றி உடலின் பல திசுக்களும் இதைச் செய்கின்றன. ஏறக்குறைய 4 மணி நேரத்திலேயே ஏறத் தொடங்குவதால் சி.ஆர்.பி.யைவிட விரைவாகச் செய்தி தருகிறது.

இனி ஆண்டிபயாடிக் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை ஓர் எண்ணே சொல்லிவிடும் என்று பலர் எண்ணினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. மூச்சுக்குழாய், நுரையீரல் தொற்றென்று ஐயுற்று வந்த 243 பேரை இரு சாராராகப் பிரித்தார்கள். வழக்கமான முறையில் பார்த்தவர்களுள் 83 விழுக்காட்டினருக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. புரோகால்சிடோனின் எண்ணையும் பார்த்து முடிவெடுத்த சாராரில் 44 விழுக்காட்டினருக்கே கொடுக்கப்பட்டது. அதனால் நோயாளிகள் கெட்டுப்போகவில்லை.

ஆனால் 2018இல் அமெரிக்காவின் 14 மருத்துவமனைகளில் 1,656 பேரிடம் நடந்த ஆய்வு வேறு விடை தந்தது. மருத்துவர்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தபோதும் கொடுக்காதபோதும் ஆண்டிபயாடிக் தந்த நாட்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: ஒரு சாராருக்குச் சராசரி 4.2 நாட்கள், மறு சாராருக்கு 4.3 நாட்கள். செப்சிஸ் சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2021இல் ஒரு நடுவழியைச் சொன்னது. ஆண்டிபயாடிக் எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்க இந்த எண்ணைச் சார்ந்திருக்க வேண்டாம். நோயாளியைப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும். எப்போது நிறுத்துவது என்பது தெளிவாகாதபோது இது உதவலாம்.

ராஸி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரு சாராரையும் ஒப்பிட விரும்பியது இங்கே நினைவுக்கு வருகிறது. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் நம்பிக்கை எழுந்தது. மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்நம்பிக்கை தன் அளவுக்குள் வந்து நின்றது.

பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மார்கள்

இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் வருத்தியது லாக்டேட்டின் கதை. புளித்த பாலில் லாக்டிக் அமிலத்தை 1780இல் கண்டவர் ஸ்வீடனின் ஷீலே. மனித இரத்தத்தில் அதை முதலில் காட்டியவர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகர மருத்துவரும் வேதியியலாளருமான யோஹன் ஜோசஃப் ஷேரர். ஆண்டு 1843. அந்த இரத்தம் யாருடையது? பிரசவத்திற்குப் பின் வந்த காய்ச்சலில் இறந்துபோன இளந்தாய்மார்களுடையது. கைகளைக் கழுவினால் அக்காய்ச்சலைத் தடுக்கலாம் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் காட்டுவதற்குச் சில ஆண்டுகளே முன்பு இது நடந்தது. அத்தாய்மார்களுக்கு ஷேரரின் கண்டுபிடிப்பால் ஒரு பயனும் விளையவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலான பிறகு, 1964இல் அமெரிக்காவில் மேக்ஸ் ஹாரி வைல் என்ற மருத்துவரும் அவருடைய துணைவரும், அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளி மீள்வாரா என்பதற்கு லாக்டேட் ஓர் அடையாளம் என்று காட்டினார்கள்.

திசுக்களுக்கு உயிர்வளி போதாதபோதும், உடல் கடும் நெருக்கடியில் இருக்கும்போதும் லாக்டேட் கூடுகிறது. இது தொற்றின் அடையாளமன்று, ஆபத்தின் அடையாளம். வலிப்பு வந்தவரிடமும், கல்லீரல் கெட்டவரிடமும், ஓடிக் களைத்தவரிடமும் கூடக்கூடும். 2001இல் டெட்ராய்ட் நகரின் அவசரப் பிரிவொன்றில் இமானுவேல் ரிவர்ஸும் அவருடைய கூட்டத்தாரும், லாக்டேட் 4 அல்லது அதற்கு மேல் இருந்தோர், திரவம் ஏற்றியும் இரத்த அழுத்தம் தேறாதோர் ஆகிய 263 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். வந்தவுடன் முதல் ஆறு மணி நேரத்தில் தீவிரமாகக் கவனித்த சாராரில் மருத்துவமனை மரணம் 30.5 விழுக்காடு, மற்ற சாராரில் 46.5 விழுக்காடு. 2014, 2015 ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை முறை கூடுதல் பயன் தரவில்லை. அதற்குள் எல்லா இடங்களிலும் நோயை முன்கூட்டியே அறிந்து, மருந்தை முன்கூட்டியே தொடங்கும் பழக்கம் வளர்ந்திருந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம்.

செப்சிஸின் வரையறையும் மாறிவந்துள்ளது. 1992இல் வெளியான வரையறையில் உடல் வெப்பம், நாடி, மூச்சு ஆகியவற்றோடு வெள்ளணு எண்ணிக்கையும் இடம்பெற்றது: 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ். 2016இல் வெளியான மூன்றாவது வரையறை அந்த நான்கையும் விலக்கி, தொற்றுக்கு உடல் முறைதவறி வினையாற்றுவதால் உறுப்புகள் உயிருக்கு ஆபத்தாகச் செயலிழப்பதே செப்சிஸ் என்றது. ஒரு காலத்தில் வாசலில் நின்ற எண் பிற்காலத்தில் உள்ளே ஒரு மூலையில் அமர்ந்தது.

பய்யினாவும் கரீனாவும்

நம் மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடத்தில் பய்யினா, கரீனா என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். முன்னது தெளிவான சான்று. சாட்சி நேரில் வந்து சொல்வது போன்றது. பின்னது சூழ்நிலை தரும் அடையாளம். கரீனாவை அறிவுள்ள நீதிபதி புறக்கணிக்கமாட்டார். அதை மட்டும் வைத்து அவசரமாகத் தீர்ப்பும் எழுதமாட்டார். நாம் இங்கே பேசிய எண்கள் யாவும் கரீனாக்களே. கிருமியையே பிடித்துக் காட்டும் இரத்த வளர்ப்புச் சோதனை பய்யினாவுக்கு நெருக்கமானது. ஆனால் அந்தச் சாட்சி வந்து சேர ஒருநாள், இரண்டு நாள் ஆகும். பல நேரங்களில் வராமலே போகும். அவசரப் பிரிவின் மருத்துவர் அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே நோயாளியின் முகம், மூச்சு, நாடி, நடந்த கதை, இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து முடிவெடுக்கிறார்.

இருபக்கமும் ஆபத்து இருக்கிறது. உலக அளவிலான கணக்கீடொன்றின்படி 2017இல் மட்டும் ஏறக்குறைய 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது. 1 கோடியே 10 இலட்சம் பேர் அதனோடு மரணித்தார்கள். மறுபக்கம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நிகழ்ந்த மரணங்கள் 2019இல் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று மற்றொரு கணக்கீடு சொல்கிறது. மருந்தைத் தாமதித்தாலும் உயிர் போகலாம்; தேவையின்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாளை வேறொருவருக்கு மருந்தே பலிக்காமல் போகலாம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அறிக்கையில் ஓர் எண்ணுக்கு எதிரே தடித்த எழுத்து இருந்தால், ஆண்டிபயாடிக் எழுதித் தரும்படி மருத்துவரை நெருக்குகிறோம். தடித்த எழுத்து இல்லையென்றால், பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். இரண்டும் தவறு. காய்ச்சலோடு மூச்சு வேகமானாலும், கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினாலும், சிறுநீர் குறைந்தாலும், பேச்சு குழறினாலும், எழுப்பினால் விழிக்கச் சிரமப்பட்டாலும், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். முதியவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் கடும் தொற்றிலும் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம் என்பதை மறக்கலாகாது. போகும்போது காய்ச்சல் தொடங்கிய நேரம், இரத்தம் கொடுத்த நேரம், முன்பு உண்ட மருந்துகள், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். மருத்துவர் மீண்டும் ஒருமுறை இரத்தம் கேட்டால், காசுக்காகக் கேட்கிறார் என்று உடனே ஐயுறவேண்டாம். ஓர் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் சொல்லும். ஆண்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால், எந்த அடையாளம் தோன்றினால் திரும்ப வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவதே முறை.

அம்மாணவர் இப்போது ஹிஃப்ளை முடித்துக் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறையில் வந்தால் நம்மைச் சந்திக்காமல் போவதில்லை. நம் விடுதியில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த மாணவருக்குக் காய்ச்சல் கண்டாலும் தொடங்கிய நேரத்தை முதல் வரியில் எழுதுகிறோம். அடுத்த வரியில் ஒரு நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுகிறோம். பரிசோதனைக் கூடத்தின் எண்களுக்கு மூன்றாம் வரியில்தான் இடம். இப்போதெல்லாம் பெற்றோருக்குத் தொலைபேசியில் "ஒன்றுமில்லை" என்று சொல்வதில்லை. "இந்நேரம் வரை இவ்வாறு இருக்கிறார், இரவில் மீண்டும் பார்த்துச் சொல்கிறோம்" என்றே சொல்கிறோம். சொன்னபடி இரவில் எழுந்து போய்ப் பார்க்கவும் செய்கிறோம்.